மாடிப்படி கேட் யாருக்காக?

குழந்தை தவழ ஆரம்பித்ததும் வீட்டில் சாமான்கள் எல்லாம் ஒரு முழம் மேலே ஏறிவிடும். சாவிக்கொத்து, மாத்திரை அட்டை, பூஜை மணி, டிவி ரிமோட். பிளக் பாயிண்ட் ஓட்டைகளுக்கு செல்லோடேப் வரும். மாடி வீடாக இருந்தால் படிக்கட்டு ஞாபகம் கடைசியாகத்தான் வரும். அதுவும் மூன்றாவது படியில் உட்கார்ந்து குழந்தை வெற்றிச் சிரிப்பு சிரிப்பதை யாராவது பார்த்த பிறகு. அன்று ராத்திரியே அப்பா மொபைலில் தேடி, வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் போட்ட கேட் ஒன்றை ஆர்டர் செய்துவிடுவார். நாலு நாளில் வந்து சேரும். சுவரில் ட்ரில் போட வேண்டாம், பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். மாட்டியும் விடுவார்.

பத்து நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போனால் கேட் திறந்தே கிடக்கும்.

சோம்பேறித்தனம் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் கோளாறு ஆரம்பித்த இடம் வேறு. கேட் வாங்குகிறவர் குழந்தையை மட்டும் மனதில் வைத்து வாங்குகிறார். குழந்தை அதைத் தொட்டுப் பார்க்கும், ஆட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். தினம் முப்பது நாற்பது தடவை அதைத் திறந்து மூடப்போவது பெரியவர்கள். அந்த வீட்டில் யாருக்கு மூடுவது கஷ்டமோ, அவருக்காக வாங்குகிற கேட்தான் குழந்தையைக் காப்பாற்றும். மற்றதெல்லாம் படிக்கட்டுக்குச் செய்த அலங்காரம்.

கேட் இல்லாத வீட்டில்தான் குழந்தை விழும் என்று நம்புகிறவர்கள் ஒரு அமெரிக்கக் கணக்கைப் பார்ப்பது நல்லது. ஒஹாயோவில் இருக்கும் நேஷன்வைட் சில்ட்ரன்ஸ் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்டது. 1990 முதல் 2010 வரை, குழந்தைகளுக்கான கேட் சம்பந்தப்பட்ட காயங்களோடு அந்த நாட்டின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த, ஏழு வயதுக்கும் குறைவான குழந்தைகள் 37,673 பேர் என்பது அவர்களுடைய மதிப்பீடு. சராசரியாக நாளுக்கு ஐந்து பேர். இவர்கள் எல்லாம் கேட் வாங்கிய வீட்டுக் குழந்தைகள்! இரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அதிகம் அடிபட்டது கேட் சரிந்தோ, திறந்து கிடந்தோ படியில் உருண்டதால். அதற்கு மேல் வயதுள்ளவர்கள் கேட்டின் மீதே ஏறி அதில் இடித்துக்கொண்டவர்கள். ஆக மொத்தம் மூன்றே விஷயம்: சரிவது, திறந்து கிடப்பது, ஏறுவது. கடையில் கேட்டைப் பார்க்கும்போது இந்த மூன்றைத்தான் பார்க்க வேண்டும். நிறத்தை அல்ல.

இந்த இடத்தில் ஒரு பெரியவர் கட்டாயம் குறுக்கே வருவார். "நாங்க ஒம்போது பேர் வளர்ந்தோம், எந்த கேட்டு இருந்துச்சு?" நியாயமான கேள்விதான். ஒன்பது பேர் வளர்ந்த வீடு பெரும்பாலும் தரைத்தள வீடு. மாடி இருந்தாலும் அது நெல்லும் பரணும் இருக்கும் இடம். யாரும் அங்கே குடியிருக்கவில்லை. திண்ணையில் ஒரு தாத்தா, அடுக்களையில் இரண்டு பெண்கள், முற்றத்தில் அக்காக்கள் என்று குழந்தையைச் சுற்றி எட்டுக் கண்களாவது இருக்கும். இன்றைக்குப் புறநகரில் ஒன்றரை கிரவுண்டு வாங்கிக் கட்டுகிற டியூப்ளக்ஸ் வீட்டில் ஹாலும் சமையலறையும் கீழே, படுக்கையறைகள் மேலே. அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போனால் மிச்சம் இருப்பது பாட்டி மட்டும். அவருக்கும் முட்டி வலி. குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது அடுப்பை அணைக்கப் போகிற நேரம்தான் குழந்தைக்குத் தேவைப்படுகிற நேரம்.

படிக்கட்டு அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும் என்பதையும் கொஞ்சம் யோசிக்கலாம். 2016-ம் ஆண்டின் தேசியக் கட்டிட விதித் தொகுப்பு, குடியிருப்பில் ஒரு படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்கிறது. ஒரு வயதுக் குழந்தை சுமார் 75 செ.மீ. இருக்கும். அதாவது ஒரு படி அதன் உயரத்தில் கால் பங்கு. ஐந்தரை அடி ஆளுக்கு அதே கணக்கைப் போட்டால் ஒரு படி 42 செ.மீ.; கிட்டத்தட்ட நாற்காலி உயரம். பதினாறு நாற்காலிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, வழவழப்பான கிரானைட் போட்டு, இறங்கிப் பார் என்றால் பெரியவர்களே உட்கார்ந்துகொள்வார்கள். குழந்தைக்கு ஏறத் தெரிந்துவிடும். இறங்கத் தெரிவது ரொம்பப் பிறகுதான். தலை கனமாக இருப்பதால் குனிந்து பார்த்தாலே முன்னால் சாயும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கடைகளில் கிடைக்கும் கேட் அடிப்படையில் இரண்டு ஜாதி. ஒன்று, நாலு மூலையிலும் ரப்பர் வைத்த திருகுகளை முறுக்கி, இரண்டு சுவருக்கும் நடுவே அழுத்தத்தில் நிற்பது. இன்னொன்று, சுவரில் துளை போட்டு ஸ்க்ரூ வைத்து முடுக்குவது. முதலாவது கேட் படிக்கட்டின் கீழே நிற்கலாம், இரண்டு அறைகளுக்கு நடுவே நிற்கலாம். படிக்கட்டின் மேலே மட்டும் நிற்கவே கூடாது. இதில் விலை பேச இடமில்லை.

காரணம் இரண்டு. அழுத்தத்தில் நிற்பது நாள் ஆக ஆகத் தளரும். ஒவ்வொரு முறை படார் என்று சாத்தும்போதும் திருகு ஒரு மயிரிழை நகரும். ஒரு நாள் குழந்தை தன் முழு எடையோடு சாயும்போது கேட்டும் குழந்தையும் சேர்ந்து போகும். இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. இந்த வகை கேட்டுக்கு அடியில் ஒரு குறுக்குக் கம்பி இருக்கும். கேட்டைத் திறந்தாலும் அந்தக் கம்பி தரையிலேயே கிடக்கும், அதைத் தாண்டித்தான் போக வேண்டும். படியின் உச்சியில், ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் துவைத்த துணி வாளி, கால் எங்கே வைக்கிறோம் என்றே தெரியாத நிலையில் அந்தக் கம்பி தடுக்கினால்? 2012-ல் பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, படிக்கட்டில் அடிபட்ட ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகளில் நாலில் ஒரு பங்கினர் யாரோ ஒருவர் தூக்கிக்கொண்டு போகும்போது அடிபட்டவர்கள் என்கிறது. குழந்தையைக் காக்க வாங்கிய பொருளே தூக்கிப் போகிறவரின் காலை வாரிவிடக் கூடாது.

மேலே வைக்கும் கேட் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதும் முக்கியம். படியை நோக்கித் திறந்தால், திறக்கிறவர் கேட்டோடு சேர்ந்து பள்ளத்தின் மேல் சாய வேண்டியிருக்கும். அது லேண்டிங் பக்கம்தான் திறக்க வேண்டும். சில கேட்டுகளில் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு சின்ன தடுப்புத் துண்டு கொடுத்திருப்பார்கள். பெட்டியில் மிஞ்சிய பாகம் என்று நினைத்து அதைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

இங்கேதான் நம்ம ஊர் வீட்டின் தனிச் சிக்கல் வருகிறது. இந்த கேட்டுகள் எல்லாம் இரண்டு பக்கமும் தட்டையான சுவர் இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டவை. நம்ம படிக்கட்டில் ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் உருண்டையான எஸ்.எஸ். பைப். தட்டையான ரப்பர் உருண்டைப் பைப்பில் எப்படி நிற்கும்? சுவர் பக்கமும் நிம்மதி இல்லை. தரையை ஒட்டி அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு ஸ்கர்ட்டிங் டைல்ஸ் இருக்கும். அதனால் மேலே ஒரு அகலம், கீழே ஒரு அகலம். அளவு எடுக்கும்போது இடுப்பு உயரத்தில் மட்டும் டேப் பிடித்துவிட்டு ஆர்டர் போட்டால் கேட் கோணிக்கொண்டு நிற்கும், லாக் விழாது. லாக் விழாத கேட்டை இரண்டு நாள் தூக்கித் தூக்கி மூடுவார்கள். மூன்றாம் நாள் விட்டுவிடுவார்கள். அளவை மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு இடத்தில் எடுக்க வேண்டும். பைப் பக்கத்துக்கு, யு-கிளாம்ப் போட்டு ஒரு மரச்சட்டத்தைப் பைப்போடு இறுக்கி, அந்தச் சட்டத்தில்தான் கேட்டை முடுக்க வேண்டும்.

பைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. படுக்கைவாட்டில் நாலைந்து பைப் ஓடும் கைப்பிடிதான் இப்போது எங்கே பார்த்தாலும் இருக்கிறது. குழந்தைக்கு அது ஏணி. பக்கத்தில் ஏணியை வைத்துவிட்டு வாசலுக்கு மட்டும் கேட் போடுவதில் என்ன பிரயோஜனம்? அமெரிக்க வீட்டு விதிகளில் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே நாலு அங்குலப் பந்து புகக் கூடாது என்று இருக்கிறது. நம்ம பைப்புகளுக்கு நடுவே கிரிக்கெட் பந்து தாராளமாகப் போகும், சில வீடுகளில் பந்து பொறுக்கப் போகிறவனே போவான் :-) கேட் வாங்குவதற்கு முன் அந்தக் கைப்பிடிக்கு வலையோ அக்ரிலிக் ஷீட்டோ அடிக்கப் பணம் ஒதுக்க வேண்டும்.

பெட்டியில் வரும் கேட் பொருந்தவில்லை என்றால் தெருமுனை வெல்டிங் பட்டறை இருக்கிறது. உண்மையில் பல வீடுகளுக்கு இதுதான் சரியான வழி. அந்தப் படிக்கட்டின் அளவுக்கே செய்து, சுவரில் கீல் வைத்து, ஆடாமல் அசையாமல் மாட்டிக் கொடுப்பார்கள். ஆனால் பட்டறைக்காரரிடம் "குழந்தைக்கு ஒரு கேட்" என்று மட்டும் சொன்னால் அவர் காம்பவுண்டு கேட்டைச் சின்னதாகச் செய்து தருவார். அழகுக்காக மேலே ஈட்டி முனை இருக்கும். நடுவில் கால் வைத்து ஏற வசதியாக ஒரு டிசைன் இருக்கும். கம்பி உயரவாக்கில் மட்டும்தான் போக வேண்டும், இடைவெளி இரண்டரை அங்குலத்துக்குள், தரைக்கும் கேட்டுக்கும் நடுவே இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், மேலே வழவழப்பான பட்டை என்று தாளில் எழுதிக் கொடுத்துவிடுவது உத்தமம். அமெரிக்காவில் 'V' வடிவ இடைவெளிகள் வரும் மடக்கு கேட்டுகள் குழந்தைகளின் கழுத்தைச் சிக்கவைத்ததால்தான் அவற்றைச் செய்வதை 1985-ல் நிறுத்தினார்கள். ஈட்டி முனைகளுக்கு நடுவே இருப்பதும் அதே வடிவம்தான். பெயிண்டையும் கேட்க வேண்டும், பல் முளைக்கிற குழந்தை அந்தக் கேட்டைக் கடிக்கத்தான் போகிறது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016-ல் விதி வந்தது. பட்டறை மூலையில் கிடக்கும் பழைய டப்பாவுக்கு அந்த விதி தெரியாது. புது டப்பா வாங்கிக் கொடுத்துவிடலாம்.

உயரம்? அமெரிக்கத் தரக்குறியீடு கேட்டுக்குக் குறைந்தது 22 அங்குலம் கேட்கிறது. பொதுவாகச் சொல்லப்படும் யோசனை, குழந்தையின் உயரத்தில் முக்கால் பங்காவது கேட் இருக்க வேண்டும் என்பது. ஒரு வயதில் 22 அங்குலம் சரியாகப் போகும், இரண்டு வயதில் பத்தாது. 75 செ.மீ. உயரத்தில் வாங்கிவிட்டால் பிரச்சினை இல்லை.

இனி லாக். இதற்குத்தான் கடையில் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், ஆனால் யாரும் செலவழிப்பதில்லை. கட்டை விரலால் ஒரு பட்டனைப் பின்னால் இழுத்து, அதே நேரத்தில் கேட்டைத் தூக்கித் திறக்கிற மாடல்தான் பெரும்பாலும் வருகிறது. குழந்தைக்கு அது முடியாது, நல்லதுதான். எழுபது வயதில் விரல் மூட்டு வீங்கிய பாட்டிக்கும் அது முடியாது. அவர் என்ன செய்வார்? ஒன்று, மருமகள் வரும்வரை திறந்தே வைத்திருப்பார். இல்லை, ஒரு கயிற்றால் கட்டிவைப்பார். அப்பாவுக்கு முடியும், ஆனால் பொறுமை கிடையாது. அவர் காலைத் தூக்கித் தாண்டிப் போவார். கேட் என்பது தாண்டுவதற்கு உரிய பொருள் என்று குழந்தை கற்றுக்கொள்வது அங்கேதான். அப்பா லுங்கி தடுக்கி விழுந்தால் அது தனிக் கதை.

அதனால் கேட் வாங்கக் கடைக்குப் போகும்போது பாட்டியை அழைத்துப்போக வேண்டும். ஆன்லைனில் வாங்கினால், வந்த அன்றே, சுவரில் மாட்டும் முன்பே அவர் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்ல வேண்டும். ஒரு கையில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு இன்னொரு கையால். பிறகு லைட்டை அணைத்துவிட்டு. ராத்திரி கரண்ட் போனால் மேலே இருக்கிற குழந்தையிடம் ஓடப்போவது அவர்தானே. அவருக்கு வரவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடலாம், அதற்குத்தான் திருப்பி அனுப்பும் வசதி. தானாக மூடிக்கொள்ளும் கீல் வைத்த மாடல் கொஞ்சம் விலை கூட. அந்தக் கூடுதல் பணம் வீண் இல்லை. ஆனால் அதிலும் முழுசாகத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிற ரகங்கள் உண்டு, அந்த வசதியை உபயோகிக்கக் கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவைக்க வேண்டும். வேலைக்கு வரும் அக்காவுக்கும் சேர்த்து. மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போவது பெரும்பாலும் அவர்தான்.

வாடகை வீடு என்றால் கதை மாறும். ட்ரில் என்ற சொல்லைக் கேட்டதும் ஹவுஸ் ஓனருக்கு அட்வான்ஸ் ஞாபகம் வந்துவிடும். "டைல்ஸ் விரிசல் விட்டா யார் பொறுப்பு?" என்பார். அதற்குப் பயந்து மேல் படியில் அழுத்தத்தில் நிற்கும் கேட்டை வைத்துவிடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். சுவர் பக்கம் போடப்போவது மூன்று நாலு துளைகள். காலி செய்யும்போது ஒரு கை பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்கச் சில நூறு ரூபாய் ஆகும், அதை நாங்களே செய்து தருகிறோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் ஒப்புக்கொள்கிற ஓனர்கள் இருக்கிறார்கள். அப்படியும் முடியாது என்று நின்றால், தடுப்பைப் படிக்கட்டிலிருந்து நகர்த்திவிட வேண்டியதுதான். மேல் மாடிப் படுக்கையறையின் கதவு நிலையில் இரண்டு பக்கமும் தட்டையான மரச்சட்டம் இருக்கிறது. அழுத்தத்தில் நிற்கும் கேட்டுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அது சரிந்தாலும் அந்தப் பக்கம் தரைதான், பள்ளம் இல்லை. படியைப் பூட்ட முடியாத வீட்டில் அறையைப் பூட்டலாம்.

செலவு என்று வரும்போது தயங்குகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: "ஒரு வருஷம் ஒன்றரை வருஷத்துக்கு இவ்வளவா?" பி.காம். முதல் வருடப் பையன்கூடப் போடும் கணக்கு இது. கேட், கிளாம்ப், மாட்டுகிற கூலி எல்லாம் சேர்த்து 3,600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை வருடத்துக்கு 540 நாள். எறிமதிப்பு பூஜ்யம் என்றே எடுத்துக்கொண்டு நேர்கோட்டு முறையில் தேய்மானம் பார்த்தாலும் நாளுக்கு ஆறு ரூபாய் அறுபத்தேழு காசு. டீக்கடையில் இதற்கு ஒரு டீகூட வராது. இந்தக் கணக்கில் ஒரே ஒரு ஓட்டை, கேட் 540 நாளும் மூடியிருந்தால்தான் இது செல்லும். பாட்டியால் மூட முடியாத கேட்டை ஐநூறு ரூபாய் குறைவாக வாங்கினால் மிச்சம் ஐநூறு அல்ல, நஷ்டம் முழுத்தொகை.

பணம் மிச்சம் பிடிக்க நாற்காலி, சூட்கேஸ், அயர்ன் டேபிள் என்று படிக்குக் குறுக்கே வைப்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிற வயதில் பிளாஸ்டிக் நாற்காலி குழந்தை மேலேயே விழும். சக்கரம் வைத்த வாக்கர் இருக்கும் வீட்டில் இன்னும் மோசம். படியில் உருண்ட விபத்துகளைப் பார்த்துத்தான் கனடா 2004-ல் அந்த வாக்கர்களுக்கே தடை போட்டது. நம்ம மர நடைவண்டி பாவம், அது வேறு ரகம். குழந்தை நின்று தள்ள வேண்டும், அதில் உட்கார்ந்து பறக்க முடியாது. ஆனாலும் மாடியில் வேண்டாம்.

இந்த கேட்டுகளைப் பெரும்பாலும் இரண்டு வயது வரைக்கும் என்று கணக்குப் பண்ணித்தான் செய்கிறார்கள். குழந்தை லாக்கைத் திறக்கக் கற்றுக்கொண்டாலோ, கேட்டில் கால் வைத்து ஏற ஆரம்பித்தாலோ வயதைப் பார்க்காமல் கழற்றிவிட வேண்டும். ஏறித் தாண்டுகிற குழந்தைக்கு அது தடுப்பு அல்ல, கூடுதல் உயரம். அதற்கு முன்பே, கேட் இருக்கும் காலத்திலேயே, கீழ் இரண்டு படிகளில் பெரியவர் ஒருவர் பின்னால் இருந்தபடி, குப்புறப் படுத்துக் காலை முதலில் விட்டு இறங்கப் பழக்கலாம். ஒரு மாதத்தில் வந்துவிடும்.

கழற்றிய கேட்டைப் பரணில் போடாமல் அடுத்து குழந்தை தவழப்போகும் வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: ஸ்க்ரூ, ரப்பர், கிளாம்ப், அந்தச் சின்ன தடுப்புத் துண்டு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, கேட்டின் கம்பியிலேயே டேப் சுற்றி ஒட்டிக் கொடுங்கள். வாங்கிக்கொள்கிறவர் அதை எண்ணிப் பார்த்து, ஒன்று குறைந்தாலும் வாங்காமல் இருப்பது நல்லது.